விடுதலை நாடிய அடிமைப் பெண்கள்: ஆகாரின் வனாந்தரமும் திண்டிவனம், விழுப்புரம் வட்டாரமும்

முன்னுரை

அடிமைத்தனம் என்றவுடன் எகிப்தின் செங்கற்சூளைகளும் அமெரிக்காவின் பருத்தித் தோட்டங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. நம் சபைகளில் யாத்திராகமம் பிரசங்கிக்கப்படும்போது, அது தூர தேசத்தில் முற்காலத்தில் நிகழ்ந்த வரலாறாகவே பெரும்பாலும் கேட்கப்படுகின்றது. ஆயினும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் ஊழியம் செய்வோர் அறிந்த உண்மை ஒன்று உண்டு. இப்பகுதியின் உழவுத் தொழில் நெடுங்காலம் அடிமை உழைப்பின்மீது நின்றது. அதன் வாரிசாகிய கடனடிமை முறை, சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும், முற்றிலும் அற்றுப்போகவில்லை.

இக்கட்டுரையில் நாம் இவ்வுண்மையைப் பெண்களின் நிலையிலிருந்து நோக்க முற்படுகிறோம். அடிமைப்பட்ட ஒரு பெண் விடுதலை நாடும்போது அவளைத் தடுத்து நிறுத்துவது யாது? அமெரிக்காவின் எல்லைப்புறக் குடியேற்றங்களில் வாழ்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தடையை எவ்வாறு எதிர்கொண்டனர்? நம் வட்டாரத்தில் அத்தடை எவ்வடிவில் நிற்கின்றது? அவளுக்குத் திருமறை கூறுவது யாது? ஓர் ஆயரின் இல்லக் கதவை அவள் தட்டுவாளாயின், அவர் செய்யத்தக்கதும் செய்யத்தகாததும் யாவை? இக்கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்வோம்.

1. எல்லைப்புறத்தில் வழக்காடிய பெண்கள்

வட அமெரிக்காவின் வர்ஜீனியாக் குடியேற்றத்தில் 1662ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பிறக்கும் குழந்தை அடிமையா, சுயாதீனமுள்ளதா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என அது விதித்தது. அடிமைத்தனம் தாயின் கருவறை வழியாகவே கடத்தப்பட்டது. எனவே ஓர் அடிமைத்தாய் நீதிமன்றத்தில் தன் விடுதலையை நிலைநாட்டினால், அது அவளோடு நிற்காமல் அவள் வயிற்றில் பிறக்கும் தலைமுறைக்கும் விடுதலையாயிற்று. விடுதலை கோரிய வழக்குகளில் பெண்கள் முன்னின்றதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

ஓஹையோ நதிக்கு வடமேற்கிலிருந்த பரந்த நிலப்பரப்பில் அடிமைமுறை கூடாது என்று 1787ஆம் ஆண்டின் அரசாணை விதித்திருந்தது. ஆயினும் அங்குக் குடியேறியோர் தம் அடிமைகளைக் கைவிடவில்லை. அடிமை என்னும் பெயரை நீக்கி, ஒப்பந்தப் பணியாள் என்னும் பெயரைச் சூட்டினர். இந்தியானா மாநிலத்தின் வின்சென்ஸ் நகரில் பாலி ஸ்டிராங் என்னும் பெண் இதனை எதிர்த்து வழக்காடினாள். கீழ்நீதிமன்றத்தில் அவள் தோற்றாள். 1820ஆம் ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம் அவளை விடுவித்தது. அதே நகரில் மேரி கிளார்க் என்னும் பெண், 20 ஆண்டுகள் பணிசெய்வதாக 1816இல் எழுதப்பட்ட ஒப்பந்தத்தால் கட்டுண்டிருந்தாள். அவளே மனமுவந்து இசைந்ததாக அப்பத்திரம் கூறிற்று. ஆனால் 1821ஆம் ஆண்டு நீதிமன்றம் ஆழமான ஓர் உண்மையை எடுத்துரைத்தது. விலகிச்செல்ல விரும்பி ஒருத்தி நீதிமன்றத்தின்முன் நிற்கும்போது, அவள் செய்யும் பணி மனமுவந்த பணியன்று. முன்னர் அவள் இட்ட கைந்நாட்டு அதனை மனமுவந்ததாக ஆக்கிவிடாது. இத்தீர்ப்பை நாம் நினைவில் இருத்துவோமாக. நம் வட்டாரத்தைக் குறித்துப் பேசும்போது இது மீண்டும் தேவைப்படும்.

எல்லாப் பெண்களுக்கும் நீதிமன்றம் துணைநிற்கவில்லை. மிச்சிகன் பகுதியில் எலிசபெத் டெனிசன் என்பவளும் அவள் உடன்பிறந்தோரும் 1807ஆம் ஆண்டு வழக்கில் தோற்றனர். அவள் நதியைக் கடந்து கனடா நாட்டுக்குச் சென்று சுயாதீனம் பெற்றாள். பின்னர் திரும்பிவந்து, வீட்டுவேலை செய்து ஈட்டிய பணத்தால் 1825இல் தன் பெயரில் நிலம் வாங்கினாள். 1866இல் அவள் மரித்தபோது விட்டுச்சென்ற பணத்தின் உதவியால் ஓர் எப்பிஸ்கோப்பல் சிற்றாலயம் எழுப்பப்பட்டது. பிடி மேசன் என்பவள் எசமானின் வண்டித் தொடருக்குப் பின்னே, தன் பெண்மக்களோடு, மேற்குத் திசையில் நெடுந்தூரம் நடந்தவள். கலிபோர்னியாவில் 1856ஆம் ஆண்டு ஒரு நீதிபதி அவளையும் அவளோடிருந்த 13 பேரையும் விடுவித்தார். அவள் மருத்துவத் தாதியாய் உழைத்து நிலம் வாங்கினாள். 1872இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் முதல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் சபை அவள் இல்லத்திலேயே உருவாயிற்று. மறுபுறம், ஹேரியட் ஸ்காட் என்பவள் தன் கணவர் டிரெட் ஸ்காட்டுடன் 1846இல் தொடுத்த வழக்கு, 1857இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோல்வியில் முடிந்தது. அவள் தன் பெயரிலேயே தனி வழக்குத் தொடுத்திருந்தாள் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். அவளுடைய இரு பெண்மக்களின் எதிர்காலம் அவ்வழக்கைச் சார்ந்திருந்தது.

இவ்வரலாறுகளிலிருந்து மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, சட்டம் தடைசெய்த அடிமைத்தனம் ஒப்பந்தம் என்னும் ஆடையை உடுத்து மீண்டும் வரும். இரண்டாவது, பெண்ணின் விடுதலை அவள் பிள்ளைகளின் விடுதலையோடு பிணைக்கப்பட்டது. மூன்றாவது, விடுதலைக்குப் பின் நிலமும் தொழிலும் சபையின் உறவும் இருந்தாலன்றி அது நிலைபெறாது.

2. தென்னார்க்காட்டில் அடிமைமுறை

பிரிட்டிஷ் பேரரசின் பெரும்பகுதியில் அடிமைமுறையை ஒழித்த 1833ஆம் ஆண்டின் சட்டம், கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட நிலப்பரப்புகளுக்குப் பொருந்தாது என விலக்கு அளிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1819ஆம் ஆண்டில், சென்னை வருவாய் வாரியம் தன் மாவட்டங்களில் நிலவிய அடிமைமுறை பற்றி ஆட்சியர்களிடம் அறிக்கை கேட்டுப் பெற்றிருந்தது. தமிழ் மாவட்டங்களில் நிலத்தோடு சேர்த்து உழவடிமைகள் விற்கப்பட்டதும் அடைமானம் வைக்கப்பட்டதும் அரசு அறியாத செய்தியன்று. வரி வசூல் குறையும் என்னும் அச்சமே அரசின் கையைக் கட்டிற்று.

இந்தியாவில் 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமைமுறையைத் தொட்டது. அச்சட்டம் அடிமை வைத்திருத்தலைக் குற்றமாக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வரிப் பாக்கிக்காக எந்த அரசு அலுவலரும் ஓர் ஆளை விற்கலாகாது. ஒருவர் தம் அடிமை என்று சொல்லி எவரும் உரிமை கோரினால் நீதிமன்றங்கள் அதனை ஏற்கலாகாது. சுயாதீனர்க்கு எதிராகச் செய்தால் குற்றமாகும் செயல், அடிமை எனப்படுபவர்க்கு எதிராகச் செய்தாலும் குற்றமே. அது கூறியது இவ்வளவே. அடிமைகளை வாங்குவதும் விற்பதும் 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தாலேயே குற்றமாயின.

ஓலையில் எழுதிய அடிமைப் பத்திரம் செல்லாது போனபின், கடன் பத்திரம் அதன் இடத்தைப் பிடித்தது. மகனின் திருமணத்துக்காகவோ, இறந்தோரை அடக்கம் செய்வதற்காகவோ, பஞ்ச காலத்தில் உயிர்பிழைப்பதற்காகவோ வாங்கிய சிறு தொகை, ஒருவரைப் படியாளாகக் கட்டியது. படியால் அளந்து தரப்படும் தானியமே அவர் கூலி. கூலி வயிற்றுக்கே போதாதபோது முதல் ஒருநாளும் தீர்வதில்லை. தந்தை மரித்தால் மகன் அக்கடனை ஏற்றான். திண்டிவனத்தை அடுத்துள்ள செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராயிருந்த டிரெமன்ஹீர், 1891ஆம் ஆண்டில் எழுதிய அறிக்கையில் இந்நிலையை அரசின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். குடியிருக்கும் மனையும் உழுதுண்ண நிலமும் சொந்தமாக இல்லாதவரை இம்மக்களுக்கு உண்மையான விடுதலை இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். பஞ்சமி நிலம் என இன்று வழங்கும் நில ஒதுக்கீடு, 1892ஆம் ஆண்டின் அரசாணையால் தொடங்கியது.

இதற்கிடையில் 1859ஆம் ஆண்டில் பதின்மூன்றாம் சட்டம் இயற்றப்பட்டது. முன்பணம் பெற்ற தொழிலாளி வேலைக்கு வர மறுத்தால், நீதிபதி அவரை வேலைசெய்யும்படி ஆணையிடலாம், கீழ்ப்படியாவிடில் சிறையிலிடலாம். தொடக்கத்தில் தலைநகரங்களுக்கென இயற்றப்பட்ட இச்சட்டம் பின்னர் வேறு பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டு, 1925இல் நீக்கப்படும்வரை நிலைத்தது. இந்தியானா நீதிமன்றம் மேரி கிளார்க்குக்கு 1821இல் கூறிய தீர்ப்போடு இதனை ஒப்பிட்டு நோக்குக. அங்கே, பணத்துக்காக எழுதிய பத்திரம் ஒருத்தியின் உடலைக் கட்டாது எனப்பட்டது. இங்கே, முன்பணம் ஓர் ஆளின் உடலைக் கட்டுவதற்கு அரசே துணைநின்றது. முன்பணம் வாங்கிவிட்டு ஓடுவது பெருங்குற்றம் என்று இன்றும் நம் ஊர்களில் நிலவும் எண்ணத்தின் வேர்களுள் ஒன்று இச்சட்டத்தில் இருக்கின்றது எனலாம்.

3. கடன் ஆணின் பெயரில், உழைப்பு பெண்ணின் உடலில்

அமெரிக்காவில் அடிமைத்தனம் தாய்வழியே சென்றது. நம் வட்டாரத்தில் கடன் தந்தைவழியே சென்றது. ஆதலால் இங்கே பெண்ணின் அடிமைத்தனம் ஏடுகளில் தோன்றுவதில்லை. படியாளாக எழுதப்பட்டவன் ஆண். ஆனால் அவன் மனைவி பண்ணையாரின் வயலில் நாற்று நட்டாள், களை பறித்தாள், மாட்டுத் தொழுவத்தைக் கூட்டிச் சாணம் வாரினாள். அவளுக்கென ஒப்பந்தம் இல்லை, தனிக்கூலியும் இல்லை. திருமணத்துக்காகக் கடன் வாங்கப்பட்டது எனில், அவள் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த நாளே அக்கடனின் தொடக்க நாளாயிற்று. அவள் பட்ட கடன் அன்று. எனினும் அதனை உழைத்துத் தீர்க்கும் பொறுப்பில் பாதிக்கு மேல் அவள் தோளில் விழுந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பண்ணையாள் முறை தளர்ந்தது. அதன் இடத்தில் செங்கல் சூளை, அரிசி ஆலை, கல் குவாரி, மரம் வெட்டுதல், கரிமூட்டம், கரும்பு வெட்டு ஆகிய தொழில்கள் முன்பணத்தால் ஆட்களைக் கட்டத் தொடங்கின. வடதமிழ்நாட்டு மாவட்டங்களில் இதற்குப் பெரிதும் இரையானோர் இருளர் பழங்குடியினர். காடும் வேட்டையும் அவர்கள் கையைவிட்டு நீங்கின. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டபின் பாம்புத்தோல் தொழிலும் நின்றது. சொந்த மனையின்றி ஏரிக்கரைகளிலும் பிறர் தோப்புகளிலும் குடிசை கட்டி வாழ்ந்தோருக்கு, மேஸ்திரி கொடுத்த முன்பணமே வாழ்வின் வழியாகத் தோன்றிற்று.

செங்கல் சூளையின் கணக்கு முறையை ஆயர்கள் அறிந்திருத்தல் நலம். அங்கே கூலி, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. கணவனும் மனைவியும் சேர்ந்தே ஒரு கூலியாகக் கொள்ளப்படுகின்றனர். கணவன் கல் அறுக்க, மனைவி மண் குழைத்துக் கொடுக்கிறாள். பிள்ளைகள் காய்ந்த கல்லைத் திருப்பி அடுக்குகின்றனர். வாரச் செலவுக்கென ஒரு தொகை கையில் தரப்படும்; எஞ்சியது முன்பணத்தில் கழிக்கப்பட்டதாகக் கூறப்படும். மழை பெய்து பச்சைக்கல் கரைந்தால் அந்த இழப்பும் பெரும்பாலும் தொழிலாளியின் தலையில் விழும். கணக்கேட்டில் எழுதப்படுவது கணவன் பெயர். மனைவி விலகிச்செல்ல விரும்பினால், உன் பெயரே இங்கில்லையே, உன்னை யார் தடுத்தார் என்பார்கள். ஆனால் அவள் ஊருக்குப் போனால் கணவனும் பிள்ளைகளும் பிணையாக நிறுத்தப்படுவார்கள். ஏட்டில் இல்லாத அவளே இவ்வாறு எல்லாரினும் இறுகக் கட்டப்பட்டிருக்கிறாள்.

இவற்றோடு மற்றொரு கொடுமையும் சேர்கின்றது. எசமானின் இடத்தில், கதவில்லாக் குடிசையில் வாழும் பெண்ணின் உடல் பாதுகாப்பற்றது. அவளுக்கு நேரும் அவமானத்தைக் கணவனும் வெளியே சொல்ல அஞ்சுவான்; சொன்னால் கடனைக் கேட்பார்கள். அமெரிக்க அடிமைப் பெண்கள் பலர் தப்பியோட முற்பட்டதற்கு இதுவும் காரணமாயிருந்தது என்பதை அவர்கள் விட்டுச்சென்ற வாழ்க்கை வரலாறுகள் காட்டுகின்றன.

4. இன்றைய சட்டத்தின் நிலை

நம் அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடைசெய்கின்றது. கொத்தடிமை முறை 1975 அக்டோபரில் அவசரச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டு, 1976இல் அது நாடாளுமன்றத்தின் சட்டமாயிற்று. இச்சட்டத்தின் சில கூறுகள் ஆயர்களுக்கு மிக இன்றியமையாதவை. அடிமைக்கடன் அனைத்தும் அற்றுப்போயிற்று என 6ஆம் பிரிவு கூறுகின்றது. அவ்வாறு அற்றுப்போன கடனுக்காகப் பணம் பெற்றுக்கொள்வதே குற்றம் என்றும், அதற்கு மூன்றாண்டுவரை சிறைத்தண்டனை உண்டு என்றும் 9ஆம் பிரிவு விதிக்கின்றது. விடுவிக்கப்பட்டோரை அவர்கள் குடியிருந்த மனையிலிருந்து வெளியேற்றலாகாது என்பது 8ஆம் பிரிவு. இது அடிமைக்கடன் அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு, 15ஆம் பிரிவின்படி, கடன் கொடுத்தவரையே சார்ந்தது. குற்றத்துக்கு உடந்தையாயிருப்பதும் 20ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது.

உச்ச நீதிமன்றம் 1982ஆம் ஆண்டில், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கப்படும் உழைப்பு கட்டாய உழைப்பே எனத் தீர்ப்பளித்தது. பசி ஒருவரை வேறு வழியின்றி வேலைக்குத் தள்ளுமாயின், சங்கிலி கண்ணுக்குத் தெரியாவிடினும் கட்டாயம் கட்டாயமே. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1984இல், மற்றொரு வழக்கில் அதே நீதிமன்றம், மறுவாழ்வு அளிக்காது விடுவிப்பது அம்மக்களை மீண்டும் அடிமைத்தனத்துக்கே தள்ளும் என வலியுறுத்திற்று. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 10 இலட்சம் கொத்தடிமைகள் உள்ளனர் என, உச்ச நீதிமன்றத்தின் ஆணையர்கள் 1995இல் அறிக்கை தந்தனர். ஆனால் பின்னாளில் மைய அரசு வெளியிட்ட பட்டியலில், சட்டம் வந்த நாள்முதல் இம்மாநிலத்தில் கண்டறியப்பட்டோர் 65,573 பேர் என்றே காணப்படுகிறது. இவ்விரு எண்களுக்கும் இடையேயுள்ள வெளியில்தான் பெயர் எழுதப்படாத பெண்கள் வாழ்கின்றனர்.

மைய அரசின் 2016ஆம் ஆண்டுத் திட்டம் விடுவிக்கப்பட்ட ஆண்மகனுக்கு 1 இலட்ச ரூபாயும், பெண்களுக்கும் சிறாருக்கும் 2 இலட்ச ரூபாயும் மறுவாழ்வு உதவியாக வகுத்தது. உடனடி உதவியாக 20,000 ரூபாய் வரை தரலாம் எனவும் விதித்தது. அத்தொகை பின்னர் 30,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் முழுத்தொகை குற்றவாளி தண்டிக்கப்படுவதோடு இணைக்கப்பட்டதால், வழக்கு நீளுமளவும் உதவியும் நீண்டு தாமதமாயிற்று. பெண்ணின் பெயரில் தனி விடுதலைச் சான்றிதழ் இல்லாவிடில், அவளுக்கென வகுத்த உதவி அவளை எட்டாது.

5. திருமறையின் ஒளியில்

கறுப்பினப் பெண் இறையியலாளர் டெலோரஸ் வில்லியம்ஸ், 1993இல் வெளியிட்ட நூலில், தம் மக்களின் பெண்கள் ஆகாரின் வரலாற்றில் தங்களைக் கண்டுகொண்டனர் எனக் காட்டினார். அவ்வரலாற்றை நாமும் நம் வட்டாரக் கண்கொண்டு வாசிப்போம்.

ஆதியாகமம் 16:6இல் சாராய் ஆகாரை ஒடுக்கினாள் எனக் கூறும் எபிரெயச் சொல்லே, யாத்திராகமம் 1:11-12இல் எகிப்தியர் இஸ்ரவேலரை ஒடுக்கியதைக் கூறவும் வருகின்றது. விசுவாசத்தின் தந்தையுடைய வீட்டிலேயே ஓர் எகிப்தியப் பெண்ணுக்கு எகிப்து உண்டாயிற்று. அவள் தப்பியோடினாள். வழியில் தூதன் அவளைத் திரும்பிப்போகச் சொல்லுகிறான். இப்பகுதி நம்மை இடறச்செய்வது உண்மையே. ஆனால் இதனைக் கொண்டு தப்பிவந்தோரைத் திருப்பியனுப்புவதை நியாயப்படுத்துவோர், உபாகமம் 23:15-16ஐ மறந்துவிடுகின்றனர். எசமானுக்குத் தப்பி உன்னிடம் வந்த வேலைக்காரனை ஒப்புக்கொடாதே என அங்குக் கட்டளை தெளிவாக உள்ளது. வனாந்தரத்தில் கருவுற்றுத் தனித்திருந்த பெண்ணுக்கு உரைத்த சொல்லை, சபையால் சூழப்பட்ட ஒருத்திக்கு நாம் உரைக்கலாகாது. அவள் தனித்திராதபடி செய்யவே சபை அழைக்கப்பட்டுள்ளது. மேலும், அவ்வனாந்தரத்தில் தேவனுக்குப் பெயரிட்டவள் அந்த அடிமைப்பெண்ணே; தன்னைக் காண்கிற தேவன் என அவள் அறிக்கையிட்டாள். ஏட்டில் பெயரற்றவளைத் தேவன் கண்டார்.

ஆதியாகமம் 21:14இல் ஆபிரகாம் அவளை அனுப்பிவிடுகிறான்; அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீருமே அவளுக்குக் கொடுக்கப்பட்டன. அனுப்பிவிடுதலைக் குறிக்கும் அந்த எபிரெய வினைச்சொல்லே உபாகமம் 15:13இலும் வருகின்றது. அங்கோ, விடுதலையாக்கி அனுப்பும்போது வெறுமையாய் அனுப்பலாகாது. ஆட்டுமந்தையிலும் களத்திலும் ஆலையிலும் இருந்து தாராளமாய்க் கொடுத்தனுப்ப வேண்டும் எனக் கட்டளையிடப்படுகிறது. வெறுமையாய் அனுப்பப்பட்டதன் விளைவை ஆகாரின் வரலாறு காட்டுகின்றது. தண்ணீர் செலவழிந்தது, பிள்ளையின் மரணத்தைக் காணமாட்டாமல் தாய் எட்டப்போய் உட்கார்ந்தாள். உச்ச நீதிமன்றம் 1984இல் கண்ட உண்மை இதுவே.

மற்றொன்றும் கருதத்தக்கது. யாத்திராகமம் 21:7 விற்கப்பட்ட மகள் ஆண் அடிமைகளைப்போல் விடுதலையாகிப் போகலாகாது என விதிக்கின்றது. உபாகமம் 15:12, 17 வசனங்களோ அந்த வேறுபாட்டை நீக்கி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதமாய் விடுதலை கொடுக்கின்றன. திருமறைக்குள்ளேயே விடுதலையின் எல்லை பெண்ணைநோக்கி விரிவடைவதை நாம் காண்கிறோம். நெகேமியா 5ஆம் அதிகாரத்தில் கடனுக்கு எதிராகக் கூக்குரலிட்டோருள் பெண்களும் இருந்தனர். அடிமைப்பட்டோருள் மகள்களே முந்தினர். நெகேமியா கடன்களை விட்டுவிடச் செய்ததோடு நில்லாமல், நிலங்களையும் திராட்சத்தோட்டங்களையும் வீடுகளையும் திரும்பக் கொடுக்கச் செய்தார். எரேமியா 34ஆம் அதிகாரம் எச்சரிப்பாக நிற்கின்றது: விடுதலையாக்கப்பட்ட ஆண்களும் பெண்களும் மீண்டும் அடிமையாக்கப்பட்டபோது, தேவன் அதனைத் தம் உடன்படிக்கையை மீறுதலாகவே கண்டார்.

6. திருச்சபையின் வரலாற்றில்

திண்டிவனத்தில் சுவிசேஷம் அறிவித்த அமெரிக்க ஆற்காடு மிஷன், டச்சு மரபைச் சார்ந்த அமெரிக்க சீர்திருத்தச் சபையின் பணியாகும். அச்சபை வேரூன்றியிருந்த நியூயார்க் மாநிலத்தின் டச்சுக் குடிகள் பலர் அடிமைகளை வைத்திருந்தனர். அவ்வாறு டச்சு மொழி பேசி வளர்ந்த அடிமைப் பெண் ஒருத்தி, 1826ஆம் ஆண்டில், கைக்குழந்தையோடு எசமானின் வீட்டைவிட்டு நடந்து சென்றாள். சட்டத்துக்கு மாறாகத் தென்மாநிலத்துக்கு விற்கப்பட்ட தன் மகனை மீட்க அவள் வழக்காடி, 1828இல் வென்றாள். அவளே பின்னாளில் சோஜர்னர் ட்ரூத் எனப் புகழ்பெற்றவள். அவள் நடந்துசென்று 27 ஆண்டுகள் ஆனபோது, 1853இல், ஸ்கடர் குடும்பத்தார் ஆற்காடு மிஷனை நிறுவினர். அருட்பணி வரலாற்றை நாம் கற்பிக்கும்போது, அனுப்பிய சபைக்கும் ஓர் அடிமை வரலாறு உண்டென்பதைச் சேர்த்துக் கற்பித்தல் நன்று.

தென்னார்க்காட்டில் சாதியைச் சபைக்குள் ஏற்கமாட்டேன் எனக் கூறி லைப்சிக் மிஷனைவிட்டு விலகிய கார்ல் ஓக்ஸ், பட்டாம்பாக்கத்தில் பணி தொடங்கினார். அப்பணி டேனிஷ் மிஷன் வழியாக ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக வளர்ந்தது. செங்கற்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ, படியாட்களுக்கு நிலம் வேண்டி அரசிடம் வாதாடி, மெல்ரோசாபுரம் என்னும் குடியிருப்பை அமைத்தார். ஆயினும் அக்கால மிஷனெரிகளுள் பலர், இந்திய அடிமைத்தனம் மென்மையானது என்னும் ஆட்சியாளரின் கூற்றை ஏற்றுக்கொண்டனர். இவ்விரு மரபுகளும் நம்முடைய உரிமைச் சொத்துகளே. எதனைத் தொடர்வது என்பது நம் பொறுப்பு.

திண்டிவனத்தில் ஓர் இரவில் மூன்று முறை கதவு தட்டப்பட்டதும், பிரசவத்தில் மூன்று பெண்கள் மாண்டதும், அதனால் ஐடா ஸ்கடர் மருத்துவரானதும் நாம் அடிக்கடி எடுத்துரைக்கும் வரலாறு. அன்று கதவைத் தட்டியோர் அப்பெண்களின் கணவர்கள். கடனடிமையில் உள்ள பெண்ணுக்காக வந்து தட்டுவதற்கு ஆளில்லை. அவளே நடந்து வரவேண்டும். திண்டிவனத்தை மையமாகக் கொண்டு இருளர்களுக்காக 1990களில் தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் போன்ற மக்கள் அமைப்புகளின் பணி, திருச்சபையின் கண்ணையும் திறந்துவிட வேண்டியதாகும்.

7. ஆயர்கள் செய்யத்தக்கவை

முதலாவது, சமரசம் பேசுதல் கூடாது. சூளை உரிமையாளர் நம் சபைக்கு நன்கொடை தருபவராயிருக்கலாம், ஊரில் மதிப்புள்ளவராயிருக்கலாம். இந்தப் பருவம் முடியுமட்டும் பொறுத்திரு என்று அப்பெண்ணிடம் கூறுவது, தப்பிவந்தவளை ஒப்புக்கொடுப்பதாகும். சட்டத்தின்முன் உடந்தையாகவும் ஆகக்கூடும்.

இரண்டாவது, காணிக்கை சேர்த்து அக்கடனை அடைத்தல் கூடாது. இது இரக்கத்தால் எழும் எண்ணமாதலின் பலரும் இதில் தவறுகின்றனர். அற்றுப்போன கடனை அடைப்பது, அக்கடன் நியாயமானது என்று சபையே சாட்சி கூறுவதாகும். அப்பணத்தைக் கொண்டே வேறொரு குடும்பம் முன்பணத்தால் கட்டப்படும்.

மூன்றாவது, திண்டிவனம் சார் ஆட்சியருக்கோ, விழுப்புரம் கோட்டாட்சியருக்கோ, மாவட்ட ஆட்சியருக்கோ எழுத்துமூலம் மனு அளிக்க உதவவேண்டும். விசாரணையில் பெண்களின் வாக்குமூலம், எசமானும் மேஸ்திரியும் இல்லாத இடத்தில், இயன்றால் ஒரு பெண் அலுவலர் முன்னிலையில், தனியே பெறப்படும்படி கேட்கவேண்டும். விடுதலைச் சான்றிதழ் கணவன், மனைவி ஒவ்வொருவர் பெயரிலும் வழங்கப்பட்டதா என்று பார்க்கவேண்டும். கண்காணிப்புக் குழுக்களில் சமூகப் பணியாளருக்கு இடமுண்டு. அப்பொறுப்பு வரின் மறுக்கலாகாது.

நான்காவது, வெறுமையாய் அனுப்பலாகாது. பழங்குடிச் சான்று, குடும்ப அட்டை, மனைப்பட்டா, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை ஆகிய இவையே இக்காலத்துக் களமும் ஆலையும் ஆகும். விடுவிக்கப்பட்ட முதல் மூன்று திங்களில் அரிசியும் வேலையும் கிடைத்தால், மேஸ்திரியின் அடுத்த முன்பணத்தை அக்குடும்பம் மறுக்க இயலும். அம்மூன்று திங்களைத் தாங்க ஒரு சபையால் இயலும். ஞானஸ்நானத்தை இவ்வுதவிக்கு நிபந்தனையாக வைத்தல் கூடாது; அது புதியதொரு முன்பணமாகிவிடும்.

முடிவுரை

வின்சென்ஸ் நகரின் மேரி கிளார்க்கைக் கட்டியிருந்தது ஒரு பத்திரம். சூளையில் மண் குழைக்கும் பெண்ணுக்கு அந்தப் பத்திரமும் இல்லை; அவள் கணவன் வாங்கிய பணம் மட்டுமே உண்டு. இருவருக்கும் தேவைப்படுவது ஒன்றே: விலகிச்செல்ல விரும்புகிறேன் என்று அவள் கூறும்போது, அதனை அவளுடைய சொந்தச் சொல்லாக ஏற்றுக் கேட்கும் ஒருவர். நீதிமன்றம் அவ்வாறு கேட்க நெடுநாள் ஆகலாம். சபை முதல் நாளிலேயே கேட்கக்கூடும். ஆகாருக்குத் தேவன் புதிய நீரூற்றை உண்டாக்கினார் எனத் திருமறை கூறவில்லை; அவள் கண்களைத் திறந்தார், அங்கிருந்த துரவை அவள் கண்டாள் என்றே கூறுகின்றது. சட்டமும் திட்டமும் நிலமும் நம் வட்டாரத்தில் உள்ள துரவுகள். அவை இருக்குமிடத்தை அவளுக்குக் காட்டி, துருத்தியை நிரப்பித் தூக்கிவிடுவது நம்முடைய ஊழியத்தின் பகுதியாகும்.